செம்பூர் மழை எந்தத் திணை? தெரியுமா?

இந்திய சினிமாவின் மிகப் பிரபலமான மழை எங்கே பெய்தது, தெரியுமா? எங்கள் மும்பைச் செம்பூரில்! அதுவும் மேகத்திலிருந்து விழவில்லை, குழாயிலிருந்து விழுந்தது!

1955இல் வந்த ‘ஸ்ரீ 420’ படத்தில் ராஜ் கபூரும் நர்கீஸும் ராத்திரித் தெருவில் ஒரே குடைக்குள் நடந்து வருவார்களே, லதா மங்கேஷ்கரும் மன்னா டேயும் பாடிய பாட்டு, அது செம்பூர் ஆர்.கே. ஸ்டூடியோவில் போட்ட செட். அடுத்த தடவை பார்க்கும்போது முகங்களை விட்டுவிட்டு அந்தக் கறுப்புக் குடையை மட்டும் பாருங்கள். இவர் அவர் பக்கம் தள்ளுகிறார், அவர் இவர் பக்கம் தள்ளுகிறார். விட்டுக்கொடுக்கிறேன் பேர்வழி என்று இரண்டு பேரும் நனைகிறார்கள். கடைசியில் குடை தோற்றுப்போய் நடுவில் வந்து நிற்கிறது. காதலைச் சொல்ல வசனமே வேண்டியிருக்கவில்லை!

பாட்டின் நடுவே மழைக்கோட்டு மாட்டிய மூன்று வாண்டுகள் நடந்து போகும். மூன்றும் ராஜ் கபூரின் சொந்தப் பிள்ளைகள்! ஆகச் சின்னது ரிஷி கபூர். அப்போது மூன்று வயதுகூட நிரம்பவில்லை. தண்ணீர் கண்ணில் அடித்ததும் அழுகை பிடித்துக்கொண்டதாம். நர்கீஸ் சாக்லேட்டைக் காட்டிக் காட்டித்தான் நடக்க வைத்தாராம். பெரியவரான பிறகு அவரே சொன்ன கதை.

இன்னொரு விஷயம். கேமரா பக்கத்திலிருந்தே விளக்கைப் போட்டால் சினிமா மழை சரியாகப் பதிவாகாது. துளிகளுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வரவேண்டும், அப்போதுதான் மின்னும். ‘ராஷோமோன்’ (1950) எடுத்த அகிரா குரோசவாவுக்கு அந்த வசதியும் வாய்க்கவில்லை. வெளிறிய வானத்துக்கு முன்னால் மழை தெரியவே மாட்டேன் என்று அடம்பிடிக்க, மனுஷர் தண்ணீரில் கறுப்பு மையைக் கலந்து பெய்ய விட்டுவிட்டார்!

இத்தனை பாடு எதற்கு? இரண்டு பேர் காதலிக்கிறார்கள் என்பதைக் காட்ட ஒரு அறை போதாதா? போதாது என்று தீர்மானம் போட்டவர்களே நாம்தான்!

பறையும் யாழும் எதற்கு, தெரியுமா?

காதலைப் பாட வேண்டுமென்றால் மூன்று அடுக்கு வேண்டும் என்கிறது தொல்காப்பியம். முதற்பொருள் என்றால் நிலமும் பொழுதும். கருப்பொருள் என்றால் அந்த நிலத்துத் தெய்வம், சாப்பாடு, விலங்கு, மரம், பறவை, தொழில், பறை, யாழ் இத்யாதி. உரிப்பொருள் என்றால் மனசுக்குள் நடப்பது. இப்போது இதை ஒரு சினிமா கம்பெனி ஆபீஸில் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். நிலம் லொகேஷன், பொழுது லைட்டிங், மரமும் விலங்கும் ஆர்ட் டைரக்டர் பொறுப்பு. பறையும் யாழும்? பின்னணி இசை, ஐயா! மலை (குறிஞ்சி) என்றால் கூடல், காடு (முல்லை) என்றால் காத்திருப்பு, வயல் (மருதம்) என்றால் ஊடல், கடற்கரை (நெய்தல்) என்றால் ஏக்கம், வறண்ட வழி (பாலை) என்றால் பிரிவு. இவைதான் ஐந்து திணை. ஒவ்வொன்றுக்கும் நேரம்கூட குறித்திருக்கிறார்கள். குறிஞ்சிக்கு நள்ளிரவு, முல்லைக்கு மாலை, பாலைக்கு நடுப்பகல் என்று முழு கால்ஷீட் அட்டவணையே இருக்கிறது.

இங்கிலாந்தில் என்ன ஆயிற்று? 1856இல் ஜான் ரஸ்கின் என்ற பெரிய விமர்சகர், மனித உணர்ச்சியை இயற்கையின் தலையில் ஏற்றிப் பாடுவது ஒரு கோளாறு என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார். 1919இல் டி.எஸ். எலியட் வந்து, உணர்ச்சியை வாயால் சொல்லாதே, அதற்கு ஈடான பொருள்களையும் சம்பவங்களையும் வை, படிப்பவன் மனசில் தானாக எழும் என்றார். குறுந்தொகைக்காரர்கள் கேட்டிருந்தால், ‘அதான் தம்பி நாங்க செய்துகிட்டிருந்தோம்’ என்றிருப்பார்கள்.

1962இல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்துக்கு ஒரு மனிதர் பழந்தமிழ் இலக்கணம் தேடிப் போனார். இலக்கணத்தைத் தேடப் போனவர் கையில் சிக்கியது சங்கப் பாட்டுத் தொகுப்பு! அவர்தான் ஏ.கே. ராமானுஜன். மைசூரில் வளர்ந்த தமிழர். 1967இல் குறுந்தொகைப் பாட்டுகளை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். செம்மண்ணில் விழுந்த மழை நீரை உவமையாகச் சொன்னதாலேயே ‘செம்புலப் பெயனீரார்’ என்று பெயர் வாங்கிய புலவர் இருக்கிறாரே, சொந்தப் பெயர் தெரியாத அந்த மனிதர் எழுதிய குறுந்தொகை 40ஆம் பாட்டு, ராமானுஜன் தயவில் லண்டன் சுரங்க ரயில் பெட்டிகளில் போஸ்டராக ஒட்டப்பட்டது! நம்ம ஹார்பர் லைன் ரயிலில் எப்போது ஒட்டுவார்கள் என்று தெரியவில்லை. இப்போதைக்கு அங்கே மூலச் சிகிச்சை விளம்பரம்தான்.

ஆர்.கே. சின்னத்தில் இருப்பது எந்தத் திணை, தெரியுமா?

ஆர்.கே. படங்களின் சின்னம் ஞாபகம் இருக்கிறதா? ஒரு கையில் வயலின், இன்னொரு கையில் சரிந்து கிடக்கும் பெண். அது 1949இல் வந்த ‘பர்சாத்’ படத்து ஷாட். படத்தின் பெயருக்கே மழை என்றுதான் அர்த்தம். அதில் இரண்டு ஜோடி. ராஜ் கபூர், நர்கீஸ் ஜோடியை எல்லோருக்கும் தெரியும். மற்ற ஜோடிதான் நமக்கு முக்கியம். மலைப்பக்கத்துப் பெண்ணாக நிம்மி. அவளிடம் மழைக்காலத்தில் திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகும் பட்டணத்துக்காரனாக பிரேம்நாத். அவள் மேகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவன் புத்தி தெளிந்து திரும்பும்போது அவள் உயிரோடு இல்லை.

இது அப்பட்டமான முல்லைத் திணை! கார்காலத்தில் வருவேன் என்று தலைவன் சொல்லிப் போவான், தலைவி காத்திருப்பாள். பஞ்சாபியும் பேஷாவர்க்காரரும் சேர்ந்து எடுத்த படத்தில் முல்லை எப்படி வந்து குந்தியது? அவர்கள் தொல்காப்பியம் படித்திருக்க மாட்டார்கள். இந்தத் தேசத்தில் மழைக்காலம் என்றால் வெளியே போனவன் வீடு திரும்பும் காலம். வண்டிப்பாதை சேறாகிவிடும், வியாபாரம் நின்றுவிடும், போர்ப்படை பாசறைக்குள் முடங்கிவிடும். அதற்குள் வந்து சேராதவன் வரப்போவதில்லை. வடக்கானாலும் தெற்கானாலும் மேகம் கறுத்தால் வாசலைப் பார்ப்பாள் பெண்.

ஆனால் நம் ஆட்கள் அதில் ஒரு படி மேலே போனார்கள், கேளுங்கள். குறுந்தொகை 66ஆம் பாட்டில் கொன்றை பூத்துவிட்டது. கொன்றை பூத்தால் கார்காலம் வந்துவிட்டது, அவன் வரவில்லை. தலைவி துடிக்கிறாள். தோழி என்ன செய்கிறாள்? கொன்றை மரம் ஒரு முட்டாள், காலம் தப்பிப் பெய்த மழையைக் கார் என்று நினைத்து ஏமாந்து பூத்துவிட்டது, உன் ஆள் வருவான் என்று அடித்து விடுகிறாள்! எழுதியவர் கோவத்தனார். 21ஆம் பாட்டில் ஓதலாந்தையாரின் தலைவி இன்னும் ஒரு படி தாண்டுகிறாள். காடே பூத்துக் கார்காலம் என்று சொன்னாலும் நான் நம்ப மாட்டேன், ஏனென்றால் அவர் பொய் சொல்ல மாட்டார் என்கிறாள். இயற்கையைவிட அவன் வார்த்தை பெரிது! பருவமே பொய், காதலன் மெய்! நிம்மிக்கு இப்படி ஒரு தோழி இருந்திருந்தால் கதை மாறியிருக்குமோ என்னமோ.

அந்தக் கொன்றை மும்பையிலும் உண்டு. மராத்தியில் பஹாவா. சித்திரை, வைகாசி வெயிலில் சரம் சரமாக மஞ்சள் தொங்கும். பஹாவா பூத்துவிட்டது, மழை பின்னாலேயே வருகிறது என்பார்கள் இங்கே.

இனி வருவதுதான் எனக்குத் தூக்கம் கெடுத்த சமாசாரம்.

செம்பூர் மழை தமிழ் இலக்கணப்படி தப்பான மாதத்தில் பெய்கிறது, தெரியுமா?

உரையாசிரியர்கள் ஆண்டை ஆறு பருவமாகப் பிரித்தார்கள். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில், அதாவது கடுங்கோடை. வேனில் யாருடைய பருவம்? பாலையுடையது. நிலம் வெடித்து, சுனை வற்றி, ஆள் பிரிந்து போகும் பருவம்.

செம்பூருக்கு வாருங்கள். மும்பையில் பருவமழை ஜூன் இரண்டாம் வாரம் இறங்கும். ஜூலைதான் உச்சம். ஜூன் முதல் செப்டம்பருக்குள் சாந்தாகுரூஸில் சராசரியாக 2,200 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும். நம் கணக்கில் அது என்ன மாதம்? ஆனி, ஆடி! இலக்கணம் சுனை வற்ற வேண்டும் என்று சொல்லும் நேரத்தில் இங்கே முட்டளவு தண்ணீரில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடக்கிறோம். நெல்லைக்காரர் ஊருக்குப் போன் போட்டால் அங்கே ஆடிக்காற்று புழுதி கிளப்புகிறது. இங்கே வாஷிங் மெஷினில் போட்டெடுத்த துணி மூன்று நாளாகியும் ஈரம் போகாமல் நாறுகிறது. ஐப்பசியில் அங்கே அடைமழை என்று சொல்லும்போது இங்கே அக்டோபர் வெயில் பல்லைக் காட்டுகிறது.

சரி, உள்ளம் எந்தக் காலண்டரைப் பின்பற்றும்?

இதற்குக் காளிதாசனிடம் பதில் இருக்கிறது! ‘மேகதூதம்’ எந்த மாதம் தொடங்குகிறது? ஆஷாடம். நம் ஆனி, ஆடியை ஒட்டிய மாதம். சாபத்தால் மனைவியைப் பிரிந்த யட்சன், மலைமேல் தவழும் முதல் கார்மேகத்தைப் பிடித்துத் தூது சொல்லி அனுப்புகிறான். அவன் இருந்த ராமகிரி எது? நாகபுரிக்குப் பக்கத்திலுள்ள ராம்டெக் என்பது அறிஞர்கள் பலரின் முடிவு. அதாவது மகாராஷ்டிரம்! ஆக இந்த மண்ணில் ஆனி, ஆடி பிரிவின் மாதம்தான். ஆனால் வெயிலில் இல்லை, மழையில்! தமிழன் பாலையை உலர்த்தி வைத்தான், காளிதாசன் நனைத்து வைத்தான். செம்பூர்த் தமிழனுக்கு மனசு தொல்காப்பியப் பாலை, ஜன்னலுக்கு வெளியே காளிதாசன் மேகம். இதைத் திணை மயக்கம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

போதாததற்கு ஆடியில் புதுமணத் தம்பதியைப் பிரித்து, பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் வேறு. ஊரில் சரி. இங்கே ஜூலை மழையில், போர்வைக்கு ஏங்கும் குளிரில், கல்யாணமான புதுசில் பிரித்துவைப்பது மகா பாவம் என்பது என் தாழ்மையான கருத்து.

அகநானூற்றில் பாதி பாலை, தெரியுமா?

சத்தியமாக! 400 பாட்டில் 200 பாலை. அதைவிட ஆச்சரியம் அடுக்கியிருக்கும் விதம். ஒற்றைப்படை எண் எதைப் புரட்டினாலும் பாலை. 2, 8, 12, 18 என்று முடிந்தால் குறிஞ்சி. 4இல் முடிந்தால் முல்லை, 6இல் முடிந்தால் மருதம், 10, 20, 30 என்றால் நெய்தல். எண்ணைச் சொன்னால் திணையைச் சொல்லிவிடலாம்! கம்ப்யூட்டர் காலத்துக்கு முன்னால் யாரோ உட்கார்ந்து இப்படித் தொகுத்திருக்கிறார்கள். ஒன்று விட்டு ஒரு பாட்டில் யாரோ யாரையோ விட்டுப் போகிறார்கள். பொருள் தேடப் போகிறார்கள், அல்லது பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஓடுகிறார்கள், வீட்டில் தாய் அழுகிறாள். மகள் உடன்போன வீட்டின் துயரத்தைப் பாடுவதில் கயமனார் என்ற புலவர் கெட்டிக்காரர்.

பொருள் தேடிப் போவதென்றால் என்ன என்று செம்பூர் ஆட்களுக்கு வகுப்பெடுக்க வேண்டாம். திலக் நகர் ஸ்டேஷனை ஒட்டியே குர்லா டெர்மினஸ், பேப்பரில் லோக்மான்ய திலக் டெர்மினஸ். தெற்கே போகும் வண்டிகள் பல அங்கிருந்துதான். கோயம்புத்தூர் வண்டிக்கு நம் ஆட்கள் வைத்த பெயர் ‘குர்லா எக்ஸ்பிரஸ்’. வண்டி கிளம்புமுன் ஜன்னல் கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பேசப்படும் பேச்சைப் பதிவு செய்தால் 200 என்ன, 2,000 பாலைப் பாட்டு தேறும். ‘போனதும் போன் பண்ணு’ என்பதுதான் எல்லாவற்றுக்கும் முதலடி.

மணிரத்னத்தின் ‘பம்பாய்’ (1995) படத்தை இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள், மிரண்டு போவீர்கள். அவன் அவளை முதலில் பார்ப்பது எப்படி? படகுத்துறையில் காற்று அவள் முகத்திரையைத் தூக்கிவிடுகிறது. காற்றுதான் தோழி வேலை பார்க்கிறது! பிறகு அந்த ‘உயிரே’ பாட்டு. காசர்கோடு பக்கத்து பேக்கல் கோட்டை, கீழே கடல் கொந்தளிக்கிறது, வானம் கறுத்திருக்கிறது, அவன் அவளுக்காகக் கூவிக் காத்திருக்கிறான். கடல், ஏக்கம், காத்திருப்பு. நெய்தலேதான்! ஒளிப்பதிவு ராஜீவ் மேனன். அப்புறம் அவள் வீட்டை விட்டு ரயிலேறி மும்பைக்கு வருகிறாள். உடன்போக்கு, பாலை. சங்கத் தலைவிக்குக் கள்ளியும் பருந்தும் இருக்கும் வெயில் வழி, இவளுக்கு ரயில் பெட்டி. மணிரத்னம் மும்பையில் எம்.பி.ஏ. படித்தவர். அவர் படங்களில் ஓயாமல் கொட்டும் மழைக்கு இந்த ஊர் ஜூலை கொஞ்சமாவது காரணமாக இருக்குமென்பது என் சந்தேகம்.

வேடிக்கை என்னவென்றால், அவருடைய ‘நாயகன்’ (1987) படத்துத் தாராவியின் பெரும்பகுதி சென்னையில் தோட்டா தரணி கட்டிய செட்! தேசிய விருதே கொடுத்தார்கள். நாங்கள் இங்கே மழையை செட் போட்டோம், அவர்கள் அங்கே எங்கள் பேட்டையையே செட் போட்டுவிட்டார்கள்.

அந்த ராஜீவ் மேனனே 2000இல் இயக்கிய ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ படத்தில் ‘என்ன சொல்லப் போகிறாய்’ பாட்டு. அஜித் பதிலுக்காக மருகி மருகிப் பாடுகிறார், தபு வாய் திறக்கவில்லை. எங்கே? பாலைவன மணலில்! பாடிய சங்கர் மகாதேவனுக்குத் தேசிய விருது. சங்கர் மகாதேவன் எந்த ஊர்? செம்பூர்! பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். சங்கப் பாலைக்கு மணல்மேடு கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் காய்ந்து தம் இயல்பு கெட்டால் அதுவே பாலை என்று சிலப்பதிகாரம் தெளிவாகவே சொல்கிறது. நல்ல நிலம்தான், மழை தவறிவிட்டது. யோசித்தால் அஜித்தின் நிலைமையும் கிட்டத்தட்ட அதுதான்.

பூநாரைக்கு ரோஸ் நிறம் தருவது எது, தெரியுமா?

செம்பூரிலிருந்து கொஞ்சம் தெற்கே போனால் மாஹுல். ஒரு பக்கம் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைப் புகை, மறு பக்கம் கழிமுகச் சேறு. அந்தச் சேற்றில் நவம்பர் வாக்கில் ஆயிரக்கணக்கில் பூநாரைகள் வந்து இறங்கும். குஜராத்தின் கட்ச் பக்கமிருந்து வந்து, மழை தொடங்கும்வரை இருக்கும். கொஞ்சம் வடக்கே தாணே கழிமுகத்தை 2015இல் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தார்கள். 2022இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. அந்த ரோஸ் நிறம் பிறவி நிறமில்லை! குஞ்சு சாம்பல் நிறம்தான். பாசியைத் தின்னத் தின்ன அதிலுள்ள நிறமி ஏறி ஏறிச் சிவக்கிறது. பாசி இங்கே இவ்வளவு செழிக்க நகரத்துக் கழிவுநீரும் ஒரு காரணம் என்கிறார்கள் பறவை ஆய்வாளர்கள். ஊர் சாக்கடையில்தான் பறவைக்கு நாணம் சிவக்கிறது!

நாரை என்றதும் நமக்கு யார் ஞாபகம் வருவார்? சத்திமுத்தப் புலவர்! வறுமையில் மதுரைக்குப் போன மனிதர், குளிரில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு கிடந்தவர், வானத்தில் போன நாரையைக் கூப்பிட்டு, என் ஊருக்குப் போனால் என் மனைவியிடம் என்னைப் பார்த்ததாகச் சொல் என்று கேட்டவர். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோம். மணியார்டரும் எஸ்.டி.டி. பூத்தும் இல்லாத காலத்துப் பாலை. தாராவிக்கும் செம்பூருக்கும் முதல் தலைமுறையாக வந்திறங்கியவர்களில் எத்தனை பேர் அந்தப் புலவரின் நிலையில் கிடந்திருப்பார்கள்!

மாஹுலிலும் டிராம்பேயிலும் கோலி மீனவர்கள் இருக்கிறார்கள். ஆவணி ஒட்டி வரும் நாரளி பௌர்ணமி அன்று கடலுக்குத் தேங்காய் கொடுத்துவிட்டுத்தான் மீண்டும் படகை இறக்குவார்கள். நெய்தலுக்கு வருணன் தெய்வம் என்ற வரி ஏட்டில்தான் இருக்கிறது என்று நினைத்தவர்கள் ஒருநாள் போய்ப் பார்க்கலாம். மருதம் மட்டும் இங்கே அகப்படவில்லை. வயல் இல்லை, 1927இல் வந்த கோல்ஃப் கிளப்பின் புல்தான் இருக்கிறது. ஊடலுக்கு வயல் எதற்கு, ஒரு பெட்ரூம் கிச்சன் வீடே தாராளம்.

ராஜ் கபூர் கடைசிவரை நிலத்தை விடவில்லை, தெரியுமா?

1951 ‘ஆவாரா’வில் நாயகன் மனசுக்குள் நடக்கும் போராட்டத்தைக் கனவாக எடுத்தார். மேகக் கூட்டமும் நெருப்பும் நரகமும் சொர்க்கமுமாகச் சுமார் 9 நிமிடம். அதை எடுக்க 3 மாதம்! 1964இல் ‘சங்கம்’. வைஜயந்திமாலா, ராஜ் கபூர், ராஜேந்திர குமார் என்ற மூவருக்கும் மூன்று நதி. பிரயாகையில் மூன்றாவது நதி கண்ணுக்குத் தெரியாது. கதையிலும் மூவரில் ஒருவர் மறைந்தாக வேண்டும்!

அவர் இயக்கிய கடைசிப் படம் 1985இல். கங்கோத்ரிப் பக்கத்துப் பெண், பெயர் கங்கா. நதி இறங்கும் வழியிலேயே அவளும் இறங்குகிறாள், காசி, கல்கத்தா என்று. நதி அழுக்காகும் இடங்களில் அவள் வாழ்க்கையும் அழுக்காக்கப்படுகிறது. வெளியே நதியைச் சொல்லி உள்ளே பெண்ணைச் சொல்வதற்குத் தமிழில் உள்ளுறை என்று பெயர். ஆனால் உள்ளுறை என்றால் அடக்கி வாசிக்க வேண்டும். மனுஷர் படத்தின் பெயரிலேயே ராமா, உன் கங்கை அழுக்காகிவிட்டது என்று போட்டு உடைத்துவிட்டார். போதாக்குறைக்கு அருவியும் வெள்ளைப் புடவையும். அந்த விஷயத்தில் நம் இயக்குநர் மகேந்திரன் கெட்டிக்காரர். ‘ஜானி’ (1980) கடைசியில் கொட்டும் மழையில் ஆளில்லாத இடத்தில் ஸ்ரீதேவி தனியாகப் பாடிக்கொண்டிருப்பாரே, அந்த மழை ஒன்றையும் விளக்குவதில்லை. பெய்கிறது, அவ்வளவுதான். நமக்குத் தொண்டை அடைக்கிறது.

மழை என்றாலே காதல் என்று நானும் அளந்துகொண்டே போகக் கூடாது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர். 2021 ஜூலை 18 விடியுமுன் செம்பூர் பாரத் நகரில் மழையில் சுவர் இடிந்து குடிசைகள்மேல் விழுந்து பதினைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ராஜ் கபூரின் மழையைக் குழாய் திருகி நிறுத்தலாம். இதை நிறுத்த முடியாது. மேடேறி நிற்கும் கட்டடத்து ஜன்னலில் காபியோடு பார்க்கும் மழையும், சரிவில் ஒண்டியிருக்கும் குடிசையின் கூரையில் விழும் மழையும் ஒரே திணை என்று எந்த இலக்கணத்தாலும் சொல்ல முடியாது.

அந்த ஆர்.கே. ஸ்டூடியோ? 2017 செப்டம்பர் 16 அன்று தீப்பிடித்தது. படங்களில் உடுத்திய உடைகளும் நினைவுப் பொருட்களும் போயின. 2019இல் சயான் டிராம்பே சாலையிலிருந்த அந்த 2 ஏக்கர் சொச்ச நிலத்தை கோத்ரெஜ் நிறுவனம் வாங்கியது. குடியிருப்புக் கட்டடம் வந்துவிட்டது.

மும்பைக்குச் சொந்தமாக ஒரு குறிஞ்சி உண்டு, தெரியுமா?

செம்பூர் செட்டா நகர் முருகன் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? குறிஞ்சிக் கடவுளுக்கு மலை வேண்டும். செட்டா நகரில் மலை ஏது? அதனால் கோயிலையே உயர்த்திக் கட்டிவிட்டார்கள்! படியேறித்தான் முருகனைப் பார்க்க வேண்டும். தமிழன் கருப்பொருளைக் கூடவே எடுத்து வந்தான், முதற்பொருளை சிமெண்டில் எழுப்பிக்கொண்டான். கிருத்திகை அன்று மூட்டுவலியோடு ஏறும் மாமிகளைக் கேட்டால் பழநி தேவலை என்பார்கள்.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை வரிசையாகச் சொல்கிறார், மூச்சு விடாமல்! அவற்றில் திணைக்கே பெயர் கொடுத்த குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். கடைசியாகப் பெருமளவில் பூத்தது 2018இல். அதே பேரினத்தில் ஒரு உறவுக்காரச் செடி மும்பையிலேயே, போரிவலி சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்குள் மலைச்சரிவெல்லாம் மண்டிக் கிடக்கிறது. பெயர் கார்வி. இங்குள்ள ஆதிவாசிகள் அதன் தண்டை வரிந்து மண் பூசிச் சுவர் எழுப்புவார்கள். தேனும் உண்டு. குறுந்தொகை 3ஆம் பாட்டில் தலைவி தன் காதலைச் சொல்ல வரும்போது குறிஞ்சித் தேன்தானே வருகிறது!

ஆனால் மும்பைக்கு ஏது 12 ஆண்டுப் பொறுமை? கார்வி 8 ஆண்டிலேயே பூத்துவிடும்! 2008, 2016, 2024 என்று ஊதா நிறத்தில் மலையை மூடியது. 2024ஐத் தவறவிட்டவர்கள் கவலைப்பட வேண்டாம். 2030இல் மூணாறு போய்க் குறிஞ்சியைப் பாருங்கள், 2032 மழை ஓயும் சமயம் போரிவலிக்கு லோக்கல் பிடியுங்கள். செம்பூரிலிருந்து குர்லாவில் ஒரு மாற்று, தாதரில் ஒரு மாற்று. சனி, ஞாயிறு போகாதீர்கள், கூட்டம் தாங்காது.